கோழிக்கு அடிக்கிற சுண்ணாம்பு

கத்தாதீங்க சார். யாரு ஏறினது, யாரு ஏறினதுன்னு எத்தன தடவ கேட்டாலும் பதில் ஒண்ணுதான். நான்தான் ஏறினேன். ஆமா, ஒத்தையா. இந்த முட்டி வலியோட, இவ்ளோ பெரிய தகரக் கூரையில நான் ஒருத்தியாவே வெள்ளையடிச்சேன். நம்ப முடியலியா? நம்பாதீங்க. பின்னாடி நிக்கிறவளுங்க கையெல்லாம் ஏன் வெந்துபோயிருக்குன்னா எனக்கென்ன தெரியும்? துணி தொவச்சிருப்பாளுங்க.

பேரு வேணுமா? வேலைய விட்டுத் தூக்கவா? எழுதிக்கங்க. பெரியக்கா. அவ்ளோதான், வேற பேரு கெடைக்காது. உங்கப்பா காலத்துல இருந்து இந்தத் தையல் ஷெட்டுல எல்லாரும் என்ன அப்படித்தான் கூப்பிடுறாங்க. அவரு இருந்தப்போ மேல ஓடு போட்டிருந்துச்சு. நீங்க வந்துதான ஓட்டப் பிரிச்சுட்டுத் தகரம் போட்டீங்க? அன்னைக்கு யார்கிட்ட அனுமதி கேட்டீங்க?

செவுரா? அதுவும் நான்தான். ஒடைக்கல சார், வார்த்தைய அளந்து பேசுங்க. கூரைக்குக் கீழ, அந்தக் கோடியில ரெண்டு வரிசை கல்ல உருவியிருக்கு. சூடு மேலதான போவும்? போயி முட்டிக்கிட்டு நிக்குது, வெளிய போக வழியில்ல, திரும்ப எங்க தலையிலயே இறங்குது. இப்ப வழி விட்டாச்சு. அயர்ன் பண்ற மேசையெல்லாம் வெளித் தாழ்வாரத்துக்கு இழுத்துட்டோம். இழுத்துட்டேன். அந்த நீராவி உள்ளயே கெடந்து எங்கள அவிச்சது போதும். ஜன்னல்ல தொங்குறது நனைச்ச சாக்கு. பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்.

சட்டை வாங்க வர்ற பையர் பாத்தா என்ன நெனைப்பாரா? வாசல்ல பசுமைத் தொழிற்சாலைன்னு பெருசா போர்டு மாட்டியிருக்கீங்களே, அதப் பாத்து என்ன நெனச்சாரோ அதையே நெனச்சுக்கட்டும். அவரு வந்த அன்னைக்கு வரிசையா செடி நட்டு, ஆளுக்கொரு பூவாளியக் கையில குடுத்து, சிரிங்க சிரிங்கன்னு போட்டோ எடுத்தீங்க. அவரு காரு முக்கு திரும்பறதுக்குள்ள பூவாளியெல்லாம் வாங்கிப் பூட்டியாச்சு. போயிப் பாருங்க, அந்தச் செடியெல்லாம் வெளக்குமாத்துக் குச்சியாட்டம் நிக்குது.

மேனேஜர ஏன் மொறைக்கிறீங்க? அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான் நிப்பாரு. நான் பேசிக்கிறேன், நீங்க வாயத் தொறக்காதீங்கன்னு நான்தான் சொல்லியிருக்கேன்.

போலீஸா? கூப்பிடுங்களேன். அவங்களும் வந்து இந்தத் தகரத்துக்கடியில கொஞ்ச நேரம் நிக்கட்டும். அடிச்ச பக்கம் ஒருத்தரு, அடிக்காத பக்கம் ஒருத்தரு.

கேட்டோம் சார். அனுமதி கேட்கலைன்னு மட்டும் சொல்லாதீங்க. போன மாசம் பட்டன் உங்க ரூமுக்கே வந்து நின்னாளே, மறந்துட்டீங்களா? பட்டன் யாருன்னே தெரியாதா? நல்லாருக்கு. ஜன்னலோர மிஷின். சட்டைக்குப் பட்டன் வெக்கிறவ, ஆளும் குட்டையா வட்டமா இருப்பா, அதான் அந்தப் பேரு. அவ வாய் இருக்கே, மிஷின் நின்னாலும் அது நிக்காது.

அவ யோசனைதான் இதெல்லாம். அவங்கப்பா ஒரு கோழிப் பண்ணையில வேல பாக்குறாரு. வெயில் ஏறினா கோழிங்க கொத்துக் கொத்தாச் சாவுதுன்னு அந்தப் பண்ணைக்காரரு தகரத்து மேல சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாராம். அடிச்சதும் சாவு கொறஞ்சுபோச்சாம். இத வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. ஏன் பெரியக்கா, கோழிக்கு அடிக்கிற சுண்ணாம்ப நமக்கு அடிக்க மாட்டாங்களா? அது முட்டை போடுது, நாம சட்டை போடுறோம், அவ்ளோதான வித்தியாசம்னா. ஷெட்டே சிரிச்சுது.

அந்தச் சிரிப்போடதான் உங்க ரூமுக்கு வந்தோம். நானும் கூட நின்னேன். உங்க ஏசிக் காத்துல அவளுக்குக் கை சிலிர்த்துப்போச்சு. அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க போனையே தடவிக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் நிமுந்து என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. கோழி இவ்ளோ பேசாதுன்னீங்க.

வெளையாட்டாதான் சொன்னீங்க, இல்லங்கல. அவளும் சிரிச்சுக்கிட்டுதான் நின்னா. வெளிய வந்து மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு, சரி விடு பெரியக்கா, நூல் வெக்கிற ரூமுக்கு மேல மட்டும் நாமளே அடிச்சுப் பாப்போம்னா. அடிச்சோம். ஆமா, அதுவும் எங்க வேலைதான், உங்க கண்ணுக்குத் தெரியவே இல்ல பாருங்க. மத்தியானம் சாப்பிடுற நேரத்துல அத்தன பேரும் நூல் மூட்டைக்கு நடுவுல அடஞ்சு கெடந்தோம். ஒருத்தி காலு மேல ஒருத்தி காலு. உள்ள அவ்ளோ குளுமை, அந்த ரூம விட்டு எந்திரிக்க மனசு வராது. நூலா பொறந்திருக்கலாம்னா அவ.

ஆர்டர் இருக்கு, தெரியும். கப்பல் நிக்காது, அதுவும் தெரியும். நிக்காத கப்பலுக்காக நாங்கதான் காலங்காலமா நின்னுக்கிட்டு இருக்கோம்.

என்ன, பட்டன் எங்கயா? அவ மிஷின் காலியா கெடக்கறது இப்பத்தான் கண்ணுல படுதா? சொல்றேன். குறுக்க பேசாதீங்க.

வெள்ளிக்கிழம மயங்கி விழுந்தாளே, நீங்களே வந்து பாத்தீங்க. மூஞ்சி செவசெவன்னு கெடந்துச்சு, ஒடம்புல ஒரு பொட்டு வேர்வ இல்ல. அப்பேர்ப்பட்ட சூட்டுல ஒருத்திக்கு வேர்க்கலைன்னா அது ரொம்ப ஆபத்துன்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு. அன்னைக்கு எங்களுக்கும் தெரியல. நீங்க கர்ச்சீப்ப மூக்குல வெச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தீங்க. நடிக்கிறா, தண்ணியத் தெளிச்சு உக்கார வைங்கன்னீங்க. நாளைக்கு வரலைன்னா அப்புறம் வரவே வேணாம்னு சொல்லிடுங்கன்னீங்க. என்கிட்டதான் சொன்னீங்க. நான் அவகிட்டச் சொல்லல. அந்த மயக்கத்துலயும் அவ காதுல விழுந்திருக்கு.

மறுநாள் வந்து நிக்கிறா. வாசல்லயே மறிச்சேன். ஏண்டி வந்தே, போடி வீட்டுக்குன்னேன். வரலைன்னா வரவே வேணாமாமேக்கான்னு சொல்லிட்டு என் கைய வெலக்கிட்டு உள்ள போயிட்டா. மத்தியானம் வரைக்கும் ஒரு வார்த்த பேசல. அவ பேசாம இருந்து அன்னைக்குத்தான் பாத்தேன். அப்புறம் துணியக் கீழ வெச்சுட்டு, அக்கா, தல வலிக்குதுன்னா. அவ்ளோதான். அப்படியே என் மேல சாஞ்சுட்டா. ஒடம்பு அடுப்பா கொதிக்குது. மேனேஜர் தன் வண்டியிலயே தூக்கிப்போட்டுக்கிட்டு ஓடினாரு, அந்த நன்றிய நான் மறக்க மாட்டேன். உங்களுக்குப் போன் மேல போன் போட்டாரு. நீங்க எடுக்கல.

அவ வரமாட்டா சார். அன்னைக்குச் சாயங்காலமே எல்லாம் முடிஞ்சுபோச்சு. நேத்து கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்கதான் வந்தோம். வெயில் தாழ்ந்ததும் ஏறினோம். நான் ஒருத்தி இல்ல, எல்லாரும்தான். இப்பச் சொல்றேன், எழுதிக்கங்க. யாரும் யாரையும் கூப்பிடல. அவங்கப்பா கீழ நின்னு வாளி வாளியாக் கலக்கிக் குடுத்தாரு. கோழிக்குக் கலக்கிப் பழகின கை, அவருக்குத்தான் பக்குவம் தெரியும்.

என்ன தம்பி, உக்காந்துட்டீங்க? வேணாம், அவங்க வீட்டுக்கெல்லாம் இப்பப் போகாதீங்க. போயி என்ன சொல்வீங்க? எந்திரிங்க. இருட்டுறதுக்குள்ள பாதிக் கூரைதான் அடிக்க முடிஞ்சுது. மீதிய இன்னைக்கு முடிக்கணும். அது முடியிற வரைக்கும் அந்தப் பக்கத்து மிஷின்ல ஒருத்தியும் உக்கார மாட்டா. சுண்ணாம்பு பத்தலைன்னு அவங்கப்பா போயி வாங்கிட்டு வந்திருக்காரு. வெளியாள உள்ள விடக்கூடாதுன்னு உங்க வாட்ச்மேன் அவர வாசல் கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சிருக்கான், தோள்ல மூட்டையோட.

நீங்களே போறீங்களா? போங்க. ஆனா அவருகிட்ட ஒண்ணும் பேச வேணாம். வாயத் தொறக்காதீங்க தம்பி. கேட்ட மட்டும் தொறங்க.