பாதிப் போர்வை

"கதவை நல்லாச் சாத்து. எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க... குளிருக்குத்தான் சொல்றேன், பயத்துக்கு இல்ல."

இது என் சிநேகிதனுடைய சித்திக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் உடனே மாட்டிக்கொள்வாள்.

சாயங்காலம் ஐந்து மணி. அதற்குள் கும்மிருட்டு. பனி மூடின பாதையில் சித்தப்பா தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். கைக்குழந்தைக்கு மருந்து வாங்கப் போனவர்... போகப் போகப் பாதையையே காணோம். இடுப்பளவு பனி. வெறுங்கையோடு திரும்பிவிட்டார். தூரத்தில் அவருடைய பண்ணை வீடு. ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம்.

குளிர்காலத்தில் அந்த வீட்டில் சமையலறையில் மட்டும்தான் அடுப்பு எரியும். மற்ற அறைகளை அடைத்து, கதவிடுக்கில் கந்தலைத் திணித்துவிடுவார்கள். சித்தியின் மாமனார் வைத்த சட்டம் அது. எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷன் என்று ஊரே சொல்லும். தீக்குச்சியை நெடுக்கே பிளந்து இரண்டாக்குவார். விறகு பாதி எரிந்ததும் இழுத்துச் சாம்பலில் புதைப்பார், நாளைக்கு ஆகும் என்று. 'பாதி' என்றே அவருக்குப் பட்டப்பெயர். ஆனால் ஒன்று... தன் பங்கிலும் பாதியைக் கொடுத்துவிடுவார். ரொட்டியானாலும் சரி, படுக்கையானாலும் சரி.

"ரெண்டு பேர் ஒரு போர்வையில படுத்தா விறகு மிச்சம்" என்பார்.

அந்த வாரம்தான் அவர் செத்துப்போயிருந்தார். மண் இரும்பாக இறுகிக் கிடந்தது. கடப்பாரை தெறித்துத் திரும்பியது. பனி உருகினால்தான் குழி வெட்ட முடியும். அதுவரைக்கும் என்று, சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் பலகைமேல் கிடத்தி, அவருடைய கம்பளியாலேயே மூடிவைத்திருந்தார்கள். வீட்டில் கனமான போர்வை அது ஒன்றுதான்.

குழந்தைக்கு உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது.

"செத்தவருக்கு எதுக்குங்க போர்வை?" என்றாள் சித்தி.

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்பாவோடது... பாதியையாவது வெட்டி அவர் மேல போட்டுடு."

"நல்ல கம்பளிய யாராவது வெட்டுவாங்களா? அப்புறம் யாருக்குமே ஆகாது."

முழுசாக எடுத்து வந்து, அறையைத் தாழிட்டு, குழந்தையைச் சுற்றித் தொட்டிலில் போட்டாள். கம்பளியில் மாமனார் போடுகிற மூக்குப்பொடி வாசனை. அவளுக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. குளிரில் விரல் மரத்துப்போகிற மாதிரி மனசும் மரத்துப்போயிருந்தது. விடியும்வரை குழந்தைக்கு மூச்சு இருந்தால் போதும் என்று மட்டும் நினைத்தாள்.

கண் அசந்த நேரம்... சர்ர்ர்... கம்பளி தரையில் இழுபடுகிற சத்தம். கொஞ்சம் நின்றது. மறுபடி, சர்ர்ர்... கூடவே அந்தப் பொடி வாசனை, மூக்குக்குப் பக்கத்தில். எழுந்திருக்கத்தான் பார்த்தாள். கை கால் அசையவில்லை.

விழித்தபோது அடுப்பு அணைந்திருந்தது. பாதி எரிந்த விறகு சாம்பலில் புதைந்து கிடந்தது. தொட்டில் காலி. சாமான் அறையின் தாழ்ப்பாள் மட்டும் இந்தப் பக்கம் போட்டது போட்டபடி இருந்தது.

திறந்தார்கள்.

பெரியவர் பலகையின் ஓரத்துக்கு ஒதுங்கிக் கிடந்தார். நீட்டிக் கிடத்திய கை மடங்கியிருந்தது. அதற்குள் குழந்தை. போர்வை சரிபாதி அவர்மேல்... சரிபாதி குழந்தைமேல். சித்தி தொட்டுப் பார்த்தாள். அவர் பனிக்கட்டி. குழந்தை வெதுவெதுப்பாக இருந்தது. உதடு சிவந்திருந்தது.

"அப்போ பொழைச்சிடுச்சா?"

"குறுக்கே பேசாத. பொழைச்சிடுச்சு. பெரியவரோட கையத்தான் யாராலயும் நிமிர்த்த முடியல. பனி உருகினதும் அப்படியே பொதைச்சாங்க."

அந்தக் குழந்தை இன்றைக்கு வளர்ந்த பெண். அதே வீட்டில்தான் இருக்கிறாள். நடந்ததை யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஆனாலும் குளிர்காலம் வந்தால் கட்டிலின் ஓரத்தில்தான் படுப்பாள். போர்வையில் பாதியைப் பக்கத்தில் விரித்துவிடுவாள். காலையில் அதை மடித்துவைப்பது சித்தி.

மூக்குப்பொடியை உதறிவிட்டுத்தான் மடிக்கவேண்டியிருக்கிறதாம்.