இரண்டாவது கையெழுத்து

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் ஈரல் மாப்பிள்ளைக்குத்தான். என் தங்கை ஃபிளோராவின் கணவர் கிளாட்சனைச் சொல்கிறேன். என்னைவிட ஆறு வயது இளையவர். இருந்தாலும் வீட்டுக்கு மாப்பிள்ளை, வாங்க போங்க என்றுதான் பேசுவோம். விபத்து விசாரணைக்கு எழுதித் தரும் காகிதத்தில் ஈரலுக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள் ஐயா. வேலை இருக்கிறது.

என் பெயர் ரெமிஜியஸ். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் வழியில் உள்ள விமானப் பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக இன்ஜின் வேலை பார்க்கிறேன். கடைசி ஒன்பது வருடம் இன்ஸ்பெக்டர். எங்கள் தொழிலில் ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும். பெட்ரோல் குழாயின் நட்டை மெக்கானிக் அளவு வைத்து இறுக்குவார். இறுக்கியதற்கு அடையாளமாக அதன்மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். பிறகு இன்ஸ்பெக்டர் தொட்டுப் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போடுவார். இரண்டும் இல்லாமல் விமானம் ஷெட்டை விட்டு நகராது.

கிளாட்சனை அங்கே மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டதே நான்தான். நல்ல வேலைக்காரர். கை ஓடும் வேகத்துக்குக் கவனம்தான் ஓடாது. ஒரு தடவை அவர் கிளாம்ப் ஒன்றை மாட்ட மறந்திருந்ததைப் பதிவேட்டில் எழுதினேன். அன்று சாயங்காலமே ஃபிளோரா அழுதுகொண்டு வந்து நின்றாள்.

“அண்ணே, ஊரான் எழுதினா பரவாயில்ல. நீயே எழுதினா அவரு உன் வாசப்படிய எப்படி மிதிப்பாரு?”

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு அவர் தப்பு எதைக் கண்டாலும் நானே சரிசெய்துவிட்டு, எழுதாமல் கையெழுத்துப் போட்டேன். நான்கு வருடத்தில் ஏழு தடவை. அவருக்கே அதில் ஒன்றுகூடத் தெரியாது. மரியாதை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என்னுடைய தப்புகளை மட்டும் ஒழுங்காக எழுதிவந்தேன். மூன்று இருந்தன.

போன ஐப்பசியில் குவாலிட்டி மேனேஜர் பதவி காலியானது. நிர்வாகம் பதிவேடுகளைப் புரட்டியது. என் பெயரில் மூன்று தவறு. கிளாட்சன் பெயரில் நான்கு வருடமாக எதுவுமே இல்லை. பதவி அவருக்குப் போனது. ஃபிளோரா கேக் வாங்கிவந்து எனக்கு ஊட்டிவிட்டாள். கிளாட்சன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மச்சான், இனிமே நீங்க எனக்குக் கீழன்னு நெனச்சாத்தான் சங்கடமா இருக்கு,” என்றார். உண்மையாகவே சங்கடப்பட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வயிறெரிந்தது ஐயா. இனி அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் பதவி ஏற்க நான்கு நாள் இருக்கும்போது பயிற்சி விமானம் ஒன்றில் பெட்ரோல் குழாய் மாற்றினார். அன்று பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று, முடித்த கையோடு கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். நான் குனிந்து பார்த்தேன். நான்கு நட்டில் மூன்றின்மேல் மஞ்சள் கோடு இருந்தது. நான்காவதில் இல்லை. விரலால் திருப்பினேன். திரும்பியது.

ஸ்பேனர் என் பையிலேயே இருந்தது, எடுக்கவில்லை. இன்ஜினை ஓட்டிப் பார்க்கும்போது பெட்ரோல் ஒழுகும், நாலு பேர் பார்ப்பார்கள், அவர் பெயரிலும் ஒரு தவறு ஏறும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டேன்.

இன்ஜின் பத்து நிமிடம் ஓடியது. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. கையால் முடுக்கிய நட்டு சில சமயம் அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதிர அதிரத்தான் கழன்று வரும். இது எனக்குத் தெரியாது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். தெரியும்.

ஓட்ட வந்தது விண்ணரசி. நாகப்பட்டினத்துப் பெண், இருபது வயது. தனியாகப் பறப்பது அன்று நான்காவது தடவை. ஷெட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் வணக்கம் சொல்லாமல் விமானத்தில் ஏறமாட்டாள். அவள் விமானத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. கிளாட்சன்.

“மச்சான், அந்தக் கடைசி நட்ட டைட் பண்ணேனான்னு சந்தேகமா இருக்கு. வண்டிய நிறுத்திட்டு ஒரு தடவ பாத்துடுங்க. மறந்துட்டேன்னு நானே எழுதிக் குடுத்துடறேன்.”

இதை நேற்று நான் உங்களிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் உங்கள் முன்னால் உட்கார்ந்தும் அவரும் சொல்லவில்லையாம், “மறந்தது நான்தான்” என்பதோடு நிறுத்திக்கொண்டாராம். போன் அழைப்புகளின் பட்டியல் உங்கள் மேசையில் இருந்ததைப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

தன் தப்பைத் தானே வந்து சொல்பவருக்கு எங்கள் பள்ளியில் பாராட்டுக் கடிதம் தருவார்கள். அதையும் இவர் வாங்கிவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

“பாத்துட்டேன் மாப்ள. நாலுலயும் மஞ்சக் கோடு இருக்கு. நீங்க பல்லக் காட்டிட்டு வாங்க,” என்றேன்.

“அப்பாடா. நீங்க பாத்துட்டா சரிதான்,” என்று வைத்துவிட்டார்.

நானூறு அடி உயரத்தில் இன்ஜின் நின்றது. கீழே சம்பா நட்டு இருபது நாள் ஆன வயல். சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்தது. களை பறித்துக்கொண்டிருந்த அம்சம் என்ற அம்மாதான் முதலில் ஓடிப்போனார். கதவை எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விண்ணரசிக்கு உயிர் இல்லை.

என் பக்கமும் ஒன்று இருக்கிறது ஐயா, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். போனை வைத்த பிறகு நான் சும்மா நிற்கவில்லை. விமானம் ஷெட்டைத் தாண்டி நகர்ந்தபோது ஓடிப்போய்க் கை காட்டினேன். ஃபிளோராவிடமும் இதைச் சொன்னேன், எங்கள் சர்ச் பங்குச்சாமியிடமும் சொன்னேன். நிறுத்தச் சொல்வதென்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகப் பிடித்தவன் நான். அன்று ஒரு கையைத்தான் தூக்கினேன். விண்ணரசி சிரித்தாள். அவளும் பதிலுக்குக் கை அசைத்துவிட்டுப் போனாள்.