எது பழசு?

பழைய பட்டுப் புடவையை எரித்து ஜரிகையிலிருந்து வெள்ளி எடுத்துத் தரும் கடை. வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அக்காளும் தங்கையும் நின்றார்கள். அக்காள் கையில் துணிப்பை. தங்கை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"சாப்பாடு கிடைக்கலன்னா செடியோட செல்லு தன்னையே தின்னுமாம்க்கா."

"இன்னாடி சொல்ற? தன்னையே தின்னுட்டா அப்புறம் யாரு இருப்பா?"

"முழுசா இல்லக்கா. உள்ள இருக்கிற பழசை மட்டும் பை மாதிரி சுத்திக் கரைச்சிடும். அதுல வர்றதை வெச்சே புதுசு செஞ்சுக்கும்."

"செத்துப் போவாதா?"

"அப்படிப் பண்றதாலதான் உயிரோட இருக்குது."

"தன்னையே தின்னுக்கினு உயிரோட இருக்குதா? ஒண்ணும் புரியல, போ."

"உன் கல்யாணப் புடவையை எரிச்சு எனக்குக் கொலுசு பண்றோமே, அந்த மாதிரி வெச்சுக்கோயேன்."

அக்காள் பைக்குள் கைவிட்டுப் புடவையைத் தடவினாள்.

"எது பழசுன்னு அந்த செல்லுக்கு எப்படிடி தெரியும்?"

தங்கை பக்கத்தைப் புரட்டினாள். மறுபடியும் முந்தைய பக்கங்களுக்குப் போய்த் தேடினாள்.

"அது இதுல போடலக்கா. எங்க மிஸ்ஸுக்கே தெரியல."

கடைக்காரர் கையை நீட்டினார். "குடும்மா, அடுப்பு எரிஞ்சிக்கினு இருக்குது."

அக்காள் பையை இடுக்கிக்கொண்டு வரிசையை விட்டு விலகி நடந்தாள்.

"அக்கா, என் கொலுசு?"

"உங்க மிஸ்ஸு கண்டுபிடிச்சுச் சொல்லட்டும். அதுவரைக்கும் இது புதுசுதான்."