பன்னிரண்டு மணிக்குப் பூட்டப்படும் பட்டியல்

மணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு என்னை அன்போடு மிரட்டிக்கொண்டிருக்கும் அவைத்தலைவர், கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே! பாடம் சொல்லிப் பாதை காட்டும் பேராசிரியப் பெருமக்களே! பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை மடியில் வைத்து மனம் பதைத்திருக்கும் தாய்மார்களே! அதே பட்டியலை அடுத்த வீட்டுப் பிள்ளையின் பட்டியலோடு ஒப்பிட்டு அல்லல்படும் தந்தைமார்களே! இவர்கள் அனைவருக்கும் நடுவில் அகப்பட்டு விழிக்கும் மாணவச் செல்வங்களே! மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் மகளே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

மணி பதினொன்று இருபது. பன்னிரண்டு அடித்தால், எந்தப் பிரிவில் சேர ஆசை என்று இணையத்தில் நீங்கள் வரிசைப்படுத்திக் கொடுத்திருக்கும் விருப்பப் பட்டியல் பூட்டப்படும். பூட்டிய பிறகு புலம்பிப் பயனில்லை. வாசலில் ஒரு தாய் என்னை வழிமறித்தார். "கம்ப்யூட்டர்ல நாலு பிரிவு இருக்கு சார். எதுக்கு மதிப்பு அதிகம்னு மட்டும் சொல்லுங்க, அதைப் போட்டுர்றோம்" என்றார்.

மதிப்பா? கணக்கிலே கரைந்து, ஒரு வேலையை இன்னும் எத்தனை குறைந்த படிகளில் முடிக்கலாம் என்று யோசித்துச் சோற்றை மறப்பவருக்குக் கணினி அறிவியல். பத்துப் பேர் எழுதும் நிரலைப் பத்தாண்டு பழுதில்லாமல் காக்க நினைப்பவருக்கு மென்பொருள் பொறியியல். பெட்டியைத் திறந்து உள்ளே கைவைத்தால்தான் நிம்மதி என்பவருக்குக் கணினிப் பொறியியல். எழுதியதும் செய்ததும் நாளெல்லாம் நிற்காமல் ஓட, இணைப்பையும் பாதுகாப்பையும் கட்டிக்காப்பவருக்குத் தகவல் தொழில்நுட்பம். இதில் எது உயர்த்தி? எது மட்டம்? அப்படி ஒன்று இருப்பதாக யார் சொன்னது?

நான் சொன்னேன். நானேதான் சொன்னேன்!

இருபது ஆண்டுகளாக ஒரு மருத்துவமனையில் நிரல் எழுதுகிறவன் நான். அங்கே கணினி இணைப்புகளைக் கவனிக்கும் பெண்மணிக்குப் பட்டப்பெயர் ஒயரக்கா. பெயர் வைத்த பெருமகன் யார்? அடியேன்.

ஒரு நாள் காலை. மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். எங்கள் அறை மூலையில், எல்லாக் கணினிகளையும் இணைக்கும் பெட்டியிலிருந்து ஓர் ஒயர் தரைவரை தொங்குகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று, அந்த நுனியை எடுத்து அதே பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்தே நிமிடம்! மருந்தகத்துக்குச் சீட்டு போகவில்லை. மருத்துவருக்குப் பரிசோதனை முடிவு போகவில்லை. ஆய்வகத்துப் பெண் முடிவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு மாடிப்படியில் ஓடுகிறாள். "நம்ம புரோகிராம்ல தப்பே இல்ல" என்று நிரல் எழுதும் நாங்கள் ஆறு பேரும் அடித்துச் சத்தியம் செய்கிறோம்.

ஒயரக்கா வந்தார். திரையைப் பார்க்கவில்லை, எங்கள் முகங்களைப் பார்த்தார். "காலைலேர்ந்து யாரு எதைத் தொட்டீங்க?"

"நான் ஒண்ணும் தொடலக்கா. ஒரு ஒயர் தொங்குச்சு. நீட்டா மாட்டி விட்டேன்."

குனிந்தார், உருவினார். மருத்துவமனைக்கு உயிர் வந்தது! ஒரே ஒயரின் இரண்டு நுனியும் ஒரே பெட்டியில் இருந்தால், போன செய்தியே திரும்பத் திரும்பச் சுற்றி வந்து வேறெதற்கும் வழிவிடாதாம்.

சிரியுங்கள், சிரியுங்கள். பின்வரிசையில் ஓர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். ஐயா, இனிமேல் சொல்லப்போவதற்குச் சிரிப்பு வராது.

இந்தக் கதையை நான் வீட்டில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டு வளர்ந்த என் மகள் விடுமுறையில் ஒயரக்காவோடு இரண்டு மாதம் மாடி மாடியாக ஏறி இறங்கினாள். "எனக்கு இந்த வேலைதாம்பா புடிச்சிருக்கு" என்றாள். பட்டியலில் தகவல் தொழில்நுட்பத்தை முதலில் போட்டாள். நேற்று மாலை என் மைத்துனர் தொலைபேசியில் கேட்டார்: "என்ன மாப்ளே, பொண்ணு ஒயர் மாட்டவா காலேஜ் போறா?"

சுருக்கென்றது. என் மகளுக்குப் பிடித்த வேலையை ஒருவர் இளக்காரமாகப் பேசியபோது, எனக்குக் கோபம் யார் மேல் வந்திருக்க வேண்டும்? யார் மேல் வந்தது? அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பட்டியலைத் திறந்தேன். கணினி அறிவியலை மேலே ஏற்றினேன். அவள் ஆசையை நான்காம் இடத்துக்கு இறக்கினேன். கடவுச்சொல் எனக்குத் தெரியும். மாற்றத்தை உறுதி செய்யும் ஓடிபி என் கைப்பேசிக்குத்தான் வரும். விண்ணப்பத்தில் இருப்பது என் எண். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கும் என் மகளுக்கு இந்த நொடிவரை இது தெரியாது.

அம்மையார் அவர்களே, மணியை அடித்துவிடாதீர்கள். இரண்டே நிமிடம்.

பெற்றோர்களே! பிள்ளையின் விண்ணப்பத்தில் தங்கள் எண்ணைக் கொடுத்தவர்கள் கை தூக்குங்கள். அடேயப்பா, பாதி அரங்கம்! படிக்கப்போவது யார்? பாடம் புரியாமல் பதறப்போவது யார்? முப்பது ஆண்டு அந்த நாற்காலியில் முதுகு வலிக்க உட்காரப்போவது யார்? நாமா? சொந்தக்காரர் முன்னால் நாம் நிமிர்ந்து நிற்க, நம் பிள்ளை நான்காண்டு குனிந்து கிடக்க வேண்டுமா? வெட்கமாக இருக்கிறது, எனக்கு வெட்கமாக இருக்கிறது!

என் மகள் எழுந்துவிட்டாள். ஐயா, காலைக் கொஞ்சம் மடக்கி வழிவிடுங்கள். வாம்மா. என்ன சொல்றே? மைக்கில சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்.

"எனக்குக் காலைலேயே தெரியும்பா. லிஸ்டைத் திறந்து பார்த்தேன். நீங்களா சொல்றீங்களான்னு காத்துக்கிட்டிருந்தேன்."

நான் சொல்லலேன்னா?

"பன்னெண்டு மணிக்குப் பூட்டியிருக்கும். நீங்க போட்டதையே படிச்சிருப்பேன். உங்ககூடப் பேசியிருக்க மாட்டேன்."

இந்தாம்மா கைப்பேசி. நீயே போட்டுக்கோ, என்ன போட்டேன்னு எங்கிட்டக் காட்ட வேண்டாம்.

அரைமணி நேரம் இருக்கிறது. கணினிக்கூடம் இடப்பக்கம். பெற்றோர்களே, கைப்பேசியைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிவிட்டு இங்கேயே உட்கார்ந்திருங்கள். நானும் கீழே வந்து உங்களோடு உட்காருகிறேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பொறுத்திருந்த என் மகளுக்கும் நன்றி கூறி, தலைகுனிந்து விடைபெறுகிறேன். வணக்கம்.