மைனஸ் கணக்கும் திருவிழா வெடியும்

— அப்போ கேசினோ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொல்லு, ரிட்டியென். தெருவுல நின்னு அண்ணாந்து சிரிச்சா, மாடியில நிக்கிற எனக்கு என்ன புரியும்?

— போட்டாச்சு, டோலோரஸ் அக்கா. மை இன்னும் காயலை.

— ஆள் அனுப்பினா தலைக்கு இவ்வளவுன்னு காசா, இல்ல பங்கா?

— பங்குதான்.

— மடோனா, மாதாவே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எனக்கெதுக்கு வம்பு, ஆனா ஊரே பேசுது. உன் பழைய கூட்டாளி கிளேட்டன், பேண்ட் வாத்தியச் சங்கத்துல காப்பியைக் கையில வச்சுக்கிட்டுப் பிரசங்கமே பண்ணினானாம். ஒரு ஆளை ஆன்லைன் கேசினோவுக்கு அனுப்பினோமா, நூத்தியிருபது யூரோ வாங்கினோமா, கையைக் கழுவினோமான்னு இருக்கணுமாம். ரிட்டியென் முட்டாளாம்.

— முட்டாள்னா சொன்னான்?

— அதைவிட மோசமா. நான் குறைச்சுத்தான் சொல்றேன்.

— கணக்கு இவ்வளவுதான்க்கா. கேசினோ பத்தி நான் எழுதுற இணையதளத்தைப் படிச்சுட்டு ஒருத்தர் அங்க போய் ஆடுறார். அவர் தோக்கிறதுல நூத்துக்கு முப்பது எனக்கு. அவர் ஆடுற வரைக்கும், மாசாமாசம்.

— அவர் ஜெயிச்சுட்டா?

— அந்த நஷ்டத்துலயும் எனக்குப் பங்கு. மைனஸ். இந்த மாசம் தீரலைன்னா அடுத்த மாசத்துத் தலையில ஏறும். அது தீர்ற வரைக்கும் எனக்கு ஒரு சென்ட் வராது.

— அதான் ஏப்ரல்லேருந்து வாடகைக்கு இழுபறி. உன் வீட்டுக்காரி என்கிட்டதான் வந்து மூக்கைச் சிந்தினா. நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. பேக்கரியில மட்டும் சொன்னேன்.

— ஏப்ரல்ல யாரோ ஒரு ஆள் லட்சத்துக்கு மேல ஜெயிச்சுட்டாங்க. என் தளம் வழியா போன ஆள்தான். எனக்கு மைனஸ் முப்பத்தெட்டாயிரம். யாருன்னு சொல்ல மாட்டாங்க, ஆடினவரோட கணக்கு எண் மட்டும்தான் தெரியும். இன்னிக்கு நல்ல முடிவு வராம இருந்திருந்தா நான் வீட்டைக் காலி பண்ண வேண்டியிருந்திருக்கும்.

— பாவம். சுத்துற ஆட்டத்துல மூணு எலுமிச்சம்பழம் ஒரே வரிசையில வந்து நின்னா அந்த ஆள்தான் என்ன பண்ணும்?

— எலுமிச்சம்பழமா?

— ஏதோ ஒரு பழம். பேச்சை மாத்தாதே. அவ்வளவு பட்டும் மறுபடி பங்கா?

— கேளுங்க. காலையில கேசினோ மேலாளரம்மா என்னையும் கிளேட்டனையும் ஒண்ணா உட்கார வச்சாங்க. முதல்ல அவன் கணக்கு. ஒரே வாரத்துல அறுபத்திரண்டு புது ஆள் அனுப்பியிருக்கான்.

— கெட்டிக்காரன்தான்.

— அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே விலாசம். மேலத்தெரு பேண்ட் சங்கம்.

— கிளாரினெட்லேருந்து பெரிய மேளம் வரைக்கும்?

— பேண்ட் மாஸ்டர் உட்பட. ஆளுக்குப் பத்து யூரோ போட்டு, ஒரே ஒரு சுத்து ஆடிட்டு, திருவிழா ஒத்திகைக்குப் போயிட்டாங்க. அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. ஒரு தலைக்கும் காசு கிடையாதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க.

— நான் சிரிக்கக் கூடாது. அதுவும் நம்ம சங்கத்துக்குப் போட்டியா நிக்கிற மேலத்தெருக்காரனுங்க... இதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சரி, சொல்லுவேன். நீ என்ன பேசினே?

— மைனஸ் சின்னதா இருந்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு அடைச்சிருப்பேன், இவ்வளவு பெரிசை அடைக்க ரெண்டு வருஷம் சும்மா உழைக்கணும், அதுக்குப் பதிலா நாளைக்கே என் வாசகர்களை வேற கேசினோவுக்குத் திருப்பி விடுவேன்னேன். நான் அனுப்பின ஆளுங்க உங்ககிட்ட அஞ்சு வருஷமா இருக்காங்க, கிளேட்டன் அனுப்பினவங்க அஞ்சு நிமிஷம் இருந்தாங்கன்னேன்.

— அதுக்கு?

— ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சாங்க. யாருக்கோ போன் பண்ணினாங்க. பழைய மைனஸ் மொத்தமும் போச்சு. பங்கு முப்பத்தஞ்சு. இனிமே ஒவ்வொரு மாசமும் பூஜ்யத்துலேருந்து ஆரம்பம். யார் ஜெயிச்சாலும் அந்த மாசத்தோட சரி.

— மால்டா முழுக்கத் தேடினாலும், மீன் விக்கிறவகூட இப்படிப் பேரம் பேச மாட்டா, கண்ணு.

— ஐயோ, என்னக்கா இது, ஜன்னல் எல்லாம் ஆடுது.

— நம்ம தெரு பேண்ட் சங்கத்து வெடி. இந்தத் திருவிழாவுக்கு மேலத்தெரு காதைப் பொத்திக்கிட்டுக் கிடக்கணும். புண்ணியவதி ஒருத்தி பத்தாயிரம் யூரோ கொடுத்திருக்கா.

— யாரு?

— பேர் சொல்லலையாம்.

— பேர் சொல்லலைன்னா உங்களுக்குத் தெரியாதா? எந்த வீட்டுல என்ன கொதிக்குதுன்னு மூடியைத் திறக்காமலே சொல்றவங்க நீங்க.

— எனக்கெதுக்கு வம்பு.

— எப்போ கொடுத்தாளாம்?

— ஏப்ரல் கடைசியில.

— ஏப்ரல்லயா.

— மெதுவாப் பேசு. என் வீட்டுக்காரர் சென்சு உள்ள சவரம் பண்ணிக்கிட்டிருக்கார். அவருக்கு இந்த ஆட்டமெல்லாம் ஆகாது, தெரியும்ல?

— மெதுவாவே சொல்றேன். ஜெயிச்ச அந்த எண் அதுக்கப்புறம் ஒரு தடவைகூட ஆடலைக்கா. எடுத்த காசோட எழுந்து போன ஆள். அந்த மைனஸ் மட்டும் இல்லேன்னா எனக்கு இன்னிக்கு இந்தப் பூஜ்யம் கிடைச்சிருக்காது. அவங்க யாருன்னு தெரிஞ்சா திட்ட மாட்டேன். கையில முத்தம் கொடுத்து, பேக்கரியிலேருந்து சூடா பாஸ்டிட்சி பஃப்ஸ் வாங்கித் தருவேன்.

— கயித்துல கூடை இறங்குது, பிடி. பாலாடைக்கட்டி வச்சதா நாலு வாங்கிப் போடு. எதுக்குன்னு சென்சு கேட்டா, நீ ஜெயிச்சதுக்குன்னு சொல்லிக்கறேன்.