பிஸ்கட் டின்னுல நாலு ஊசி

இல்ல சேர், நான் உக்காரல. காலையிலருந்து வெளிய அந்த வாங்குல உக்காந்து இடுப்பு விட்டுப்போச்சு. யோகேந்திரன்னு யாரையும் இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரலன்னு சொல்றீங்க. சரி. அப்ப அந்த அலுமாரி மேல இருக்கிற பிஸ்கட் டின் எப்படி வந்துச்சு? வெள்ளிக்கிழமை குட்ஷெட் செக்பொயின்ட்ல அவரையும் டின்னையும் சேத்துத்தானே ஜீப்புல ஏத்துனாங்க? டின் மட்டும் எறங்கி நடந்து வந்துச்சாக்கும். பக்கத்துல கிடக்கிறது அவரோட மூக்குக்கண்ணாடி. அது இல்லாட்டி எதிர்ல நிக்கிற ஆளே அவருக்குத் தெரியாது.

கோபமில்ல சேர். எனக்குத் தொண்டையே இப்படித்தான். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துல பொறந்தவங்க மலைக்கு மலை கத்திப் பேசியே பழகிட்டோம்.

நானா? பாலாம்பிகை. கம்பஸ்ல ரசாயனத்துல ஆராய்ச்சி செய்றேன். அவர் எங்க லைப்ரரியில கிளார்க். யாழ்ப்பாணத்து ஆள், இங்க கேக்க நாதியில்ல. அதான் நான் வந்தேன். வரக்கூடாதா?

டின்னுக்குள்ள அந்தக் குப்பியில இருக்கிற கறுப்புத் தூளா? மருந்துமில்ல, மண்ணுமில்ல. பிளாஸ்டிக். கரண்ட் ஓடுற பிளாஸ்டிக். சிரிக்காதீங்க சேர், வெள்ளைக்காரன் சொன்னா மட்டும் நம்புவீங்க. தயோஃபீன்னு தண்ணி மாதிரி ஒண்ணு. அதோட பெரிக் குளோரைட்டச் சேத்து நாள் முழுக்கக் கலக்குவோம். ரேடியோக் கடையில செம்புத் தகடு அரிக்க வச்சிருப்பாங்களே, அதேதான். அது இலத்திரன, அதான் எலக்ட்ரோன, புடுங்கும். புடுங்குனதும் தனித்தனியா நின்னதெல்லாம் கைகோத்துச் சங்கிலியாயிரும். சும்மா விட்டா அந்தச் சங்கிலி எதுலயும் கரையாது. அதுனால கண்ணிக்குக் கண்ணி ஒரு வால் வச்சுச் செஞ்சது இது. குளோரோபோம்ல போட்டா செம்மஞ்சளாக் கரையும். கண்ணாடித் துண்டுல ஊத்திக் காயவச்சா தோல் மாதிரி படியும். அயடீன் ஆவி காட்டினா நீலம் பாயும், கரண்ட் ஓடும்.

வெடிக்குமா? நெருப்புக்குச்சி தாங்க, உங்க மேசையிலயே பத்தவைக்கிறேன். நாறும், அவ்வளவுதான்.

நாலு ஊசி, வயர், பெற்றரி... ஆமா, பாக்க குண்டு மாதிரித்தான் இருக்குது, ஒத்துக்கிறேன். நாலையும் அந்தத் தோல்மேல வச்சு, வெளி ஊசி ரெண்டுல கரண்ட் விட்டு, உள் ஊசி ரெண்டுல வோல்டேஜ் அளக்கிறது. பாதி நாள் கரண்ட வெட்டுறாங்க, பெற்றரி இல்லாம மண்ணெண்ணெயிலயா அளப்பாங்க? ஒரு வயர் கழண்டுபோச்சு. தாஸிம் நானாவோட ரேடியோக் கடையில ஈயம் வச்சு ஒட்டத்தான் டவுனுக்குக் கொண்டுபோனது.

என்ன சொன்னீங்க? இதெல்லாம் அவர் ஏன் சொல்லலயாமா?

அப்ப கேட்டிருக்கீங்க. கொண்டுவராத ஆள்கிட்ட கேட்டிருக்கீங்க. எத்தன தடவ சேர்? எப்படிக் கேட்டீங்க?

ஏன் நீங்களும் கதவடியில நிக்கிறவரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறீங்க?

எப்படிக் கேட்டாலும் அவரால சொல்ல முடியாது சேர். தெரிஞ்சாத்தானே சொல்ல? நீங்களும் பஸ்ஸுல போறவங்கதான். கூட்டத்துல நிக்கிறவங்க பைய உக்காந்திருக்கிறவங்க வாங்கி மடியில வச்சுக்கிறதில்லையா? என்ன ஏதுன்னு யாராவது தொறந்து பாப்பாங்களா? வெள்ளிக்கிழமை பஸ்ஸுல நான் நின்னுக்கிட்டு வந்தேன். கொண்டாங்கோ தங்கச்சி, பாரமா இருக்கும்னு அவர் கையை நீட்டுனார், என் பையக் குடுத்தேன். செக்பொயின்ட்ல ஆமிக்காரன் ஏறி, பையிலிருந்த டின்னத் தொறந்து, யாருதுன்னு கேட்டான். அவர் என்னை ஒருக்கா நிமிந்து பாத்தார். நான் யன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு எவ்வளவு வாயின்னு பாத்தீங்கதானே. அன்னைக்கு அது தொறக்கல. 'மகே'ன்னார் அவர், சிங்களத்துல. என்னுதுன்னு.

எழுதிக்கங்க சேர். பை என்னுது, டின் என்னுது, ஊசியெல்லாம் நான் பொருத்துனது. எழுதிட்டு மொதல்ல அந்த மூக்குக்கண்ணாடிய அவர்கிட்ட குடுங்க.

பேனைய ஏன் சேர் மூடுறீங்க? கண்ணாடி இனி அவருக்கு வேணாமா?