கையெழுத்துப் போடாதவள்

நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் இருந்தார்கள்.

“தைரியமெல்லாம் ஒன்னுமில்லக்கா. தோட்டத்து ஆபிசுல நீட்டுன அந்தக் கடுதாசிய நான் வாசிச்சுப்புட்டேன், அதான் வந்த வெனை,” என்றாள் இளையவள்.

“அப்ப நாங்க நாப்பது பேரும் வாசிக்காமயா கையெழுத்துப் போட்டோம்?”

“வாசிச்சீங்களா?”

“இல்ல.”

இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“மலையில குளவிக்கூடு இருக்குன்னு யாருமே சொல்லலைன்னு அதுல எழுதியிருக்கு. அன்னைக்குக் காலையில பெரட்டுல, வேலைக்கு ஆள் பிரிக்கிறப்ப, கங்காணிகிட்ட சொன்னதே நான்தானே. அப்புறந்தானே மருதாயிக்கா குளவி கொட்டிச் செத்தாங்க. சொன்னவளே சொல்லலைன்னு எப்படிக்கா கையெழுத்துப் போடுறது?”

“இப்ப மூணு நாளா ஒனக்கு வேலை குடுக்கல.”

“அதான் லேபர் ஆபிசுக்குப் போறேன்.”

“நான் மட்டும் எதுக்கு வாறேன்? காத்து வாங்கவா? போட்ட கையெழுத்த அடிக்க முடியுமான்னு கேக்கணும்டி.”

“அடிக்கலாம். இந்தத் தடவ வாசிச்சுட்டு அடிங்க.”

இருவரும் சிரித்தார்கள்.

நான் ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிளாக்கர். வேறொரு தோட்டத்தில், வேறொரு சாவுக்கு, துரை சொன்னபடி இப்படி ஒரு கடிதம் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியவன். வாசித்துக் காட்டச் சொன்ன ஒருத்தியை, நேரமில்லை என்று அதட்டினேன். அவளும் போட்டுவிட்டாள்.

ஹட்டனில் அவர்கள் இறங்கினார்கள். நான் இறங்க வேண்டிய இடமும் அதுதான். அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.